கீழிருந்து மேலே

(குன்னூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று காலை மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறினேன். கல்லாறு தாண்டி இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவுகள்கூட ஆகவில்லை, எனக்கு முன் இருக்கையில் இருந்த பையன் வெளிறிப்போனான். ஏழெட்டு வயது இருக்கும். அவன் அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தார். நடத்துநர் அனுபவஸ்தர். பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம் என்பதால் பை கிடையாது. பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, "தம்பி, போனைப் பாக்காத, ரோட்டைப் பாரு" என்றார். பர்லியாறு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஓட்டுநரோ அதே வளைவுகளில் வெற்றிலை மென்றுகொண்டு சாவகாசமாக வண்டியை ஒடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பையனின் வயிறு எந்தத் தப்பும் செய்யவில்லை. காலையில் தின்ற இட்லியிலும் கோளாறு இல்லை. உள்காது "உடம்பு திரும்புகிறது" என்று சொல்கிறது. போன் திரையைப் பார்க்கும் கண் "உடம்பு அசையவே இல்லை" என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டதும் மூளை வயிற்றைக் காலி செய்யச் சொல்கிறது. ஏன் வயிறு? மிஷெல் ட்ரீஸ்மன் என்ற ஆய்வாளர் 1977-இல் ஒரு விளக்கம் சொன்னார். மனிதன் வண்டி ஓட்டாத காலத்தில் கண்ணும் காதும் இப்படி முரண்பட்டதென்றால், பெரும்பாலும் ஏதோ விஷத்தைத் தின்றிருக்கிறான் என்றே பொருள். மூளை இன்னும் அந்தப் பழைய கணக்கையே போடுகிறது என்றார். விவாதம் ஓயவில்லை; ஆனால் கேட்கச் சுவையான விளக்கம். ஓட்டுநருக்கு ஏன் குமட்டவில்லை? வளைவு வருமுன்பே அவர் கை வளைவை அறிந்துவிடுகிறது. எதிர்பார்த்த ஆட்டம் அவர் மூளைக்கு ஆட்டமே இல்லை.

எனக்குத் தந்த தலைப்பு 'மூளையும் உடலும்'. அதில் இரண்டு முறை வரும் அந்த 'உம்' மீதுதான் எனக்கு வழக்கு. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நூல் கட்டியதுபோல் இருக்கிறது அது. வேகஸ் என்றொரு நரம்பு மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் எல்லாம் தொட்டுவருகிறது. மூளையின் ஆணையைக் கீழே கொண்டுசெல்லும் கம்பி என்றே பள்ளியில் படித்திருப்போம். அதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. இந்த மலைக்கு வரும் பாதையைப் போல, ஏறுகிற சரக்குதான் அதிகம்.

குமட்டலில் தொடங்கிவிட்டேன், அதையே கொஞ்சம் தொடர்கிறேன். மசக்கை நம் வீட்டுச் சொல். மசக்கைக்காரிக்குப் புளிப்பு கேட்கும், சாம்பல் மணக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் சில பெண்களுக்கு அது சாம்பலும் மாங்காயுமாக முடிவதில்லை. தண்ணீர்கூடத் தங்காமல் மருத்துவமனையில் கிடக்க நேர்கிறது. சென்ற நூற்றாண்டு மருத்துவர்களில் சிலர், அந்தப் பெண் உள்ளூரக் கர்ப்பத்தை வெறுக்கிறாள், அதனால்தான் வாந்தி என்று எழுதிவைத்தார்கள். அமெரிக்காவின் மர்லீனா ஃபெய்சோ மரபியல் ஆய்வாளர். 1999-இல் அவருக்கே இந்தக் கடும் மசக்கை வந்து, அந்தக் கருவை இழந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்று அவருடைய மருத்துவரே நினைத்தாராம்.

அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ'ராஹிலி குழுவும் 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் காரணத்தை வெளியிட்டார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்-15 என்றொரு சுரப்பை வெளிவிடுகின்றன. அது தாயின் இரத்தத்தில் ஏறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் ஓரத்தில் இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்கிறது. இரத்தத்தில் வரும் பொருள்களை மூளை பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. அந்த ஓரத்தில் காவல் தளர்ந்த ஒரு சன்னல் உண்டு. விஷம் வந்தால் மோப்பம் பிடிப்பதற்கென்றே வைத்ததுபோல. கருத்தரிக்குமுன் உடம்பில் இந்தச் சுரப்பு குறைவாக இருந்த பெண்ணுக்குத் திடீர் ஏற்றம் தாங்குவதில்லை. முன்பே அதிகமாக இருந்தவர்களுக்குக் குமட்டல் குறைவு. பீட்டா தலசீமியா உள்ளவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே இது மிகுதி. அப்படிப்பட்ட தாய்மாருக்கு மசக்கை அநேகமாக இல்லை. இந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் இருந்தார்கள். ஓட்டுநரின் கைக்கு வளைவு பழகியதுபோல, இந்தப் பெண்களின் முகுளத்துக்கு அந்தச் சுரப்பு பழகியிருக்கிறது. "மனசுதான் காரணம்" என்று திட்டு வாங்கிய எத்தனை பெண்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்பது?

கீழிருந்து மூளைக்குப் போக இரத்தம் ஒரு வழி. நரம்பு இன்னொரு வழி. அந்த இரண்டாம் வழியின் கதைக்கு நான் ஊர் தாண்டிப் போகவேண்டாம். சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பாஸ்டர் நிலையத்தின் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் கசௌலியில், அதாவது இமயத்தின் அடிவாரத்தில் தொடங்கியது. தெற்கே ஒருவரை வெறிநாய் கடித்தால் அங்கேதான் போகவேண்டும். ரயிலில் பல நாள் பயணம். 1902-இல் இளம் ஆங்கிலேயப் பெண் ஒருவர் ரேபிஸால் இறந்ததும் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. (அதற்குமுன் இறந்த நம்மவர்களுக்காக யார் குரல் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.) பணம் வந்த இடம் விசித்திரமானது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் தந்த நன்கொடையில் ஒரு பகுதி குன்னூருக்கு வந்தது. ஃபிப்ஸ், ஆண்ட்ரூ கார்னெகியின் தொழில் கூட்டாளி; பிட்ஸ்பர்க் எஃகில் பணம் பண்ணியவர். பிட்ஸ்பர்க் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும். 1907 ஏப்ரலில் நிலையம் திறந்தது.

ரேபிஸ் வைரஸ் ஒரு வழிப்போக்கன். பல கிருமிகள் போல இரத்தத்தில் மிதந்து பரவுவதில்லை. கடிபட்ட தசையில் கொஞ்ச காலம் தங்கும். பிறகு அங்கே வந்து முடியும் நரம்பின் நுனிக்குள் ஏறும். நரம்பணு தன் சொந்தத் தேவைக்காக நுனியிலிருந்து தலைமைக்குச் சரக்கு அனுப்பும் தடம் ஒன்றை வைத்திருக்கிறது. வைரஸ் அந்தச் சரக்கு வண்டியில் டிக்கெட் எடுக்காமல் ஏறித் தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகிறது. அதனால்தான் காலில் கடித்தால் நோய் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம், முகத்தில் கடித்தால் விரைவில் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். ஏறியபின் மருந்து இல்லை. ஏறுமுன் சோப்பும் தண்ணீரும் பெரிய வேலை செய்யும்: கடிவாயை 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். சொற்பொழிவில் இதெல்லாம் சொல்வதா என்று அமைப்பாளர்கள் முகம் சுளிக்கலாம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, ஆகவே சொல்வேன்.

நரம்பின் பாதை தெரிந்த இந்தத் திருடனை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமே என்று விஞ்ஞானிகளுக்குத் தோன்றியது. ஒரு நரம்பணுவிலிருந்து அதற்குச் செய்தி தரும் முந்தைய நரம்பணுவுக்கு, அதிலிருந்து அதற்கும் முந்தையதற்கு என்று வைரஸ் பின்னோக்கியே தாவும். எத்தனை நாள் விட்டுப் பார்க்கிறோமோ அத்தனை தாவல். பீட்டர் ஸ்ட்ரிக் குழுவினர் குரங்குகளின் அட்ரினல் சுரப்பிக்குள் இந்த வைரஸைச் செலுத்தினார்கள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் இருக்கும் சுரப்பி அது. பயந்தால் அட்ரினலினை ஊற்றுவது அதுதான். அதை மூளைப் புறணியின் எந்த மூலை ஆளுகிறது? ஓரிரு இடம் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். வைரஸ் போய் நின்ற இடங்கள் பல. அதிலும் பெரும் பங்கு, உடம்பை அசைக்கும் இயக்கப் பகுதிகள். அவற்றுள்ளும் முதுகையும் வயிற்றையும் நிமிர்த்தும் தசைகளுக்கு உரிய இடம். கூனி உட்கார்ந்தவனை நிமிரச் சொன்னால் அவன் பதற்றமும் கொஞ்சம் இறங்குகிறதென்றால் அதற்கு ஒரு கம்பி இணைப்பு உண்டு என்று முதன்முதலாகக் காட்டிய வரைபடம் அது. 2016-இல் வெளியானது. 2023-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எவான் கார்டனும் நிகோ டோசன்பாக்கும் மனித மூளையை ஸ்கேன் செய்து இதற்கு ஒத்த ஒன்றைக் கண்டார்கள். எந்த உறுப்பை மூளையின் எந்த இடம் அசைக்கிறது என்று பென்ஃபீல்ட் 1937-இல் வரைந்த பழைய படத்தில் கால், கை, வாய் என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் இடையிடையே, எந்த உறுப்புக்கும் தனியாகச் சொந்தமில்லாத திட்டுகள் இருக்கின்றன. திட்டமிடுவது, உடம்பை ஆயத்தப்படுத்துவது இரண்டும் அங்கே கலக்கின்றன.

ஸ்ட்ரிக் தம் ஆய்வைச் செய்தது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். ஃபிப்ஸின் எஃகுப் பணத்தில் குன்னூரில் எந்த நோயை விரட்டக் கட்டடம் எழுந்ததோ, அதே நோயின் வைரஸை வைத்து ஃபிப்ஸின் ஊரில் உடம்புக்கும் மூளைக்குமான சாலைப்படம் போட்டார்கள். இது திட்டமிட்ட பொருத்தம் இல்லை. ஆனாலும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் தோட்டத்து நாய் கடித்தது. அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். தொப்புளைச் சுற்றி 14 ஊசி, தினமும் ஒன்று. அம்மா என் கைகளைப் பிடித்துக்கொள்வார், கம்பவுண்டர் நேற்றுக் குத்திய இடத்தைத் தடவிப் பார்த்து இன்றைக்கு வேறு இடம் தேடுவார். வலியைவிட அந்தத் தேடும் விரல்தான் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த ஊசிக்குள் இருந்தது செம்மறியாட்டு மூளை. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்த முறை: வைரஸ் பெருகிய மூளையைக் கரைசலாக்கி, வைரஸைக் கார்பாலிக் அமிலத்தால் கொல்வது. குன்னூரிலும் பல்லாண்டுகள் ஆட்டு மூளைத் தடுப்பூசிதான். லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது அது; ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் மிகச் சிலருக்கு ஊசி போட்டு ஓரிரு வாரத்தில் கால் மரத்துப்போகும், சிலர் படுத்த படுக்கையாவார்கள். ஆட்டு நரம்பின் கொழுப்புறையும் நம் நரம்பின் உறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டு மூளையை எதிரி என்று கற்றுக்கொண்ட உடம்பின் காவல் அணுக்கள், தம் சொந்த மூளைக்குள்ளும் போய்த் தாக்கிவிடுகின்றன.

நான் மருத்துவம் படித்த காலத்துப் பாடநூலோ, மூளை தனி நாடு, உடம்பின் நோயெதிர்ப்புப் படை அங்கே நுழைவதில்லை, நிணநீர்க் குழாய்களும் கிடையாது என்றது. தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன். வயிற்றுத் தோலில் போட்ட ஊசியால் மூளை வெந்தவர்கள் வார்டில் இருக்கும்போது இதை எழுத எனக்குக் கூசவில்லை. பாடநூல் ஒரு கட்டடம், வார்டு வேறு கட்டடம். 2015-இல் வர்ஜீனியாவில் ஜோனதன் கிப்னிஸ் குழுவும் ஃபின்லாந்தில் கரி அலிட்டாலோ குழுவும் மூளையின் உறையில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதைக் காட்டிய பிறகு பாடநூலைத் திருத்தினார்கள். இந்தியாவில் நரம்புத் திசுத் தடுப்பூசி 2004 டிசம்பரோடு நின்றது. இப்போது ஊசி கையில், எண்ணிக்கையும் குறைவு. அந்தக் காவல் படையின் கடிவாளமும் மூளையின் கைக்கு எட்டுகிறது என்பது 2024-இல் மேலும் தெளிவாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜூக்கர் குழு, எலியின் மூளைத்தண்டில் ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்களை அடக்கியபோது உடம்பின் அழற்சி கட்டுமீறியது, தூண்டியபோது தணிந்தது. அழற்சி பற்றிய செய்தியை அங்கே ஏற்றிவிடுவதும் வேகஸ்தான்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். 1918-இல் பாஸ்டர் நிலையத்தின் ஒரு மூலையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் உணவுக் குறைபாட்டு ஆய்வைத் தொடங்கினார். அவருடைய ஆய்வகம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. சத்தைக் கொன்ற அரிசியைப் புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்து அறுத்துப் பார்த்தார். குடல் சீரழிந்திருந்தது, புறாக்களின் அட்ரினல் வீங்கியிருந்தது. 1921 நவம்பரில் கடல் கடந்து போய், குடல் நோய்க்கும் குறையுள்ள உணவுக்கும் உள்ள உறவைப் பற்றி மெல்லன் சொற்பொழிவு ஆற்றினார். அதுவும் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுதான். எந்த ஊரில் என்று கேட்கிறீர்களா? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில்.

பிறகு எலிகள். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய், வாரம் ஒரு நாள் இறைச்சி. அவை கொழுத்து, நோயில்லாமல், அடித்துக்கொள்ளாமல் வாழ்ந்தன. இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டப்பா இறைச்சி, மலிவு ஜாம், வெந்த முட்டைக்கோஸ், சர்க்கரை மிகுந்து பால் குறைந்த தேநீர். தேயிலைக் காட்டின் நடுவே எலிக்குத் தேநீர்! அந்த எலிகள் மெலிந்தன. தீனி வைக்க வந்த ஆட்களைக் கடித்தன. அறுபதாம் நாள் வாக்கில் தம்முள் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936-இல் லண்டனில் கேன்டர் சொற்பொழிவுகளில் அவரே இதைச் சொன்னார்.

மெக்காரிசனிடம் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. இந்தியச் சாப்பாடுகளை ஒப்பிட்டு, சீக்கியனை மேலே, மதராஸியைக் கீழே வைத்த அவருடைய ஏணி, ராணுவத்துக்கு ஆளெடுப்பவர்கள் ஏற்கெனவே போட்டுவைத்த ஏணிதான். மதராஸியின் தட்டில் பால் இல்லாததற்கு அவன் கூலி காரணம் என்ற கணக்கு அவர் எலிக்கூண்டில் இல்லை. ஆனால் சாப்பாடு மாறினால் சுபாவம் மாறுவதைத் தராசில் எடை பார்ப்பதுபோல் பார்த்து எழுதினார். அவருக்குப் பின் வந்த ஐக்ராய்ட் காலத்தில், புழுங்கலரிசியில் பி1 சத்து தங்குகிறது, தீட்டிய பச்சரிசியில் போய்விடுகிறது என்பதை இங்கே நிறுவினார்கள். ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரியால் கால் மரத்தவர்கள் இருந்தபோது, புழுங்கல் தின்ற தமிழ்நாட்டில் அது அரிதாக இருந்ததன் விடை நம் பாட்டிகள் நெல் அவித்த அண்டாவுக்குள் கிடந்தது.

குடல் எப்படி மூளையிடம் பேசுகிறது என்பது மெக்காரிசனுக்குத் தெரிய வழியில்லை. 2018-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டியேகோ போஹோர்கெஸ் குழு, எலியின் குடல் சுவரில் சில அணுக்கள் வேகஸ் நரம்போடு நேரடியாகக் கோத்திருப்பதைக் காட்டியது. சர்க்கரை வந்த செய்தி ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஏறிவிடுகிறது. உடனே வாட்ஸ்அப்பில் 'குடலே இரண்டாம் மூளை, தயிர் தின்றால் கவலை தீரும்' என்று கிளம்பிவிட்டார்கள். எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே வராது. தயிர் நல்லது, கவலைக்குக் காரணம் கடனாக இருந்தால் தயிர் அதை அடைக்காது.

கடைசியாகக் கரடி. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கரடி வருகிறது. கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், ஓடுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் உடம்பு முதலில் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை உணர்வதுதான் பயம் என்றார். ஹார்வர்டில் அது உதாரணம். கோத்தகிரியில் கோவில் விளக்கின் எண்ணெயைக் குடிக்க வரும் ஜீவன். 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசெராத் குழு, எலிக்கு ஒளி உமிழும் ஒரு சிறு மேலாடை போட்டு அதன் இதயத்தை நிமிடத்துக்கு 900 முறை துடிக்கவைத்தது. அபாயமில்லாத இடத்தில் எலி சும்மா இருந்தது. திறந்தவெளி, மின்னதிர்ச்சி என்று ஆபத்து வாடை அடித்த இடத்தில் மட்டும் பதுங்கியது. இன்சுலா என்ற மூளைப் பகுதியை அடக்கினால் அந்தப் பதுங்கலும் குறைந்தது. ஜேம்ஸ் சொன்னது பாதி சரி: நெஞ்சு சாட்சி சொல்கிறது, இடத்தைப் பார்த்து மூளை தீர்ப்பு எழுதுகிறது.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த நாட்களில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா வந்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லை, படபடப்பு. விசாரித்தேன். "பறிச்சிக்கிட்டே இருந்தேங்க டாக்டரய்யா. கை நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சுன்னு தெரியல. நெஞ்சு அடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் திரும்பிப் பாத்தேன், பொதருக்குள்ள கரடி." வீட்டில் படபடப்பு இல்லையாம். ஏழாம் நம்பர் காட்டுக்குள் கால் வைத்தால் வருகிறதாம். "நான் பயப்படலீங்க. நெஞ்சுதான் பயப்படுது."

பதிவேட்டில் பெயர், செக்ரோல் நம்பர், வயது, நோய், மருந்து என்று ஐந்து கட்டம். நோய்க் கட்டத்தில் 'படபடப்பு, 3 நாள்' என்று எழுதினேன். கரடிக்குக் கட்டம் இல்லை. மருந்துக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, பத்து நாளைக்கு இவரை வேறு நம்பருக்கு மாற்றவும் என்று ஃபீல்டு ஆபீசருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் அவர் சீட்டோடு நேரில் வந்துவிட்டார். "மாத்திடலாம் டாக்டர், அது பிரச்சினையில்லை. ஆனா இது உடம்புக்கா, மனசுக்கா? மஸ்டர்ல ஏதாவது ஒண்ணு எழுதணுமே."